எங்கள் கண்மாயில் மீன் செத்து மிதந்த விடியலும், அதன் பிறகு நாங்கள் கற்றவையும்

சிவகங்கை மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்த காலத்தில் 60 ஏக்கருக்கு விரிந்து கிடக்கும். சித்திரை பிறக்கும்போது 20 ஏக்கராகச் சுருங்கி, நடுப்பள்ளத்தில் ஓர் ஆள் மட்டத்துக்கும் குறைவான தண்ணீரோடு நிற்கும். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஊரில் பத்துப் பேர் சேர்ந்து அதன் மீன்பாசிக் குத்தகையை ஏலத்தில் எடுத்தோம். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவன் என்பதால், கணக்கு வழக்கும் தண்ணீரில் எதை எவ்வளவு போடுவது என்ற முடிவும் என் பொறுப்பில் விடப்பட்டன. அந்த முடிவுகளில் சில தவறானவை. அவற்றால் என்ன நேர்ந்தது, கண்மாயை மீட்க என்ன செய்தோம் என்பதை, குளமோ பண்ணைக்குட்டையோ வைத்திருக்கும் எவருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கார்த்திகை மழையில் கண்மாய் முக்கால்வாசி நிறைந்ததும், கட்லா, ரோகு, மிர்கால் என்று விரலளவுக் குஞ்சுகள் 30,000 விட்டோம். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் மேய்பவை என்பதால் மூன்றையும் சேர்த்து விடுவது வழக்கம். இவற்றுக்குத் தீனி வாங்கிப் போடும் செலவைக் குறைக்க, வாரம் ஒரு டிராக்டர் கோழி எருவும் அவ்வப்போது பாஸ்பரஸ் உரமான சூப்பர் பாஸ்பேட்டும் போடலாம் என்று நான்தான் சொன்னேன். எரு கரைந்தால் நுண்பாசி பெருகும், நுண்பாசியைத் தின்று மிதவை உயிரிகள் பெருகும், அவற்றைத் தின்று மீன் பெருக்கும் என்பது உண்மையே. தை மாதத்திலேயே தண்ணீர் பச்சையேறி, மாசியில் கட்லா அரைக் கிலோவைத் தொட்டபோது, என் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பினேன். பங்குனியில் நீர்மட்டம் பாதியாக இறங்கிய பிறகும் எருவின் அளவைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சித்திரை இரண்டாம் வாரத்தில் இரண்டு நாள் மூட்டமாகவே இருந்தது. மூன்றாம் நாள் இரவு காற்றோடு ஒரு மணி நேரம் கோடை மழை கொட்டியது. மறுநாள் விடிவதற்கு முன்பே, கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்பாய்ச்சி அய்யா என் வீட்டுக் கதவைத் தட்டினார். நாங்கள் கரைக்குப் போனபோது மணி ஐந்து இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் முழுவதும் வாய்களாகத் தெரிந்தது. ஆயிரக்கணக்கான மீன்கள் நீர்மட்டத்துக்கு ஏறி, வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. கையை நீட்டினால் பிடித்துவிடலாம், விலகக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை. சாக்கடையைக் கிளறியது போன்ற நாற்றம் அடித்தது. விடியும்போது பெரிய கட்லாக்கள் வெள்ளை வயிறு தெரிய மிதக்கத் தொடங்கின. எட்டு மணிக்குள் காற்று அவற்றையெல்லாம், மிகுநீர் வழிந்தோடும் கலுங்குப் பக்கம் கொண்டுபோய் ஒதுக்கிவிட்டது. அள்ளிக் குழியில் போட்டவை மட்டும் இரண்டரை டன்.

யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்ற பேச்சு அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. ஏலத்தில் தோற்றவர்கள் மீது சந்தேகம் திரும்பியது. இரண்டு பேர் காவல் நிலையத்துக்குக் கிளம்பியும் விட்டார்கள். அவர்களைத் தடுத்தது நீர்பாய்ச்சி அய்யா சொன்ன ஒரு சொல். "வாத்தியாரே, வெசம்னா தண்ணிப்பாம்பும் தவளையும் செத்துல்ல கெடக்கணும்? விரா ஒண்ணு செத்திருக்கா பாருங்க" என்றார். பார்த்தோம். செத்த குவியலில் விரால் ஒன்றுகூட இல்லை, தேளி இல்லை, பனையேறிக் கெண்டை இல்லை. இந்த மூன்றும் செவுளால் மட்டுமல்லாமல், நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கியும் மூச்சு விடக்கூடியவை. செவுளை மட்டுமே நம்பியிருந்த மீன்கள்தான் செத்திருந்தன. அவற்றிலும் பெரியவை முதலில் செத்திருந்தன. தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் நடப்பது இதுதான். விஷமாக இருந்தால் பெரும்பாலும் குஞ்சுகளும் பூச்சிகளும் முதலில் விழும், எந்த நேரத்திலும் விழும். மீன் சாவைக் கண்டால் எந்த மீன் செத்தது என்பதைப் போலவே எது சாகவில்லை என்பதையும், எந்த நேரத்தில் செத்தது என்பதையும் அங்கேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பு எங்கள் ஊரில் ஒரு பெரிய சண்டையைத் தவிர்த்தது.

பள்ளி ஆய்வகத்துச் சாவி என்னிடம் இருந்ததால், கண்ணாடி மூடி போட்ட புட்டிகளையும் ரசாயனங்களையும் எடுத்துக்கொண்டு ஆறரை மணிக்குள் கரைக்குத் திரும்பினேன். கரைந்த ஆக்சிஜனை அளக்க 1888ஆம் ஆண்டு ஹங்கேரி நாட்டு வேதியியலாளர் விங்க்லர் வெளியிட்ட முறை இன்றும் நம்பகமானது. புட்டியில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் சேர்த்த பொட்டாசியம் அயோடைடையும் விட்டு மூடித் தலைகீழாகக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் திரிதிரியாக வீழ்படிவு இறங்கும். பிறகு அமிலம் விட்டால் அது கரைந்து அயோடின் பிரியும். அந்த அயோடினின் நிறம் நீங்க எவ்வளவு தயோசல்பேட் கரைசல் தேவைப்படுகிறது என்று தரம்பார்த்தால் ஆக்சிஜனின் அளவு கிடைத்துவிடும். இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்கு நான் நடத்தும் பாடம் இது. அன்று கலுங்கின் மேல் உட்கார்ந்து குலுக்கிய புட்டியில் பழுப்பு வரவில்லை. பால் போல வெள்ளையாக ஒரு படிவு மெல்ல இறங்கி அடியில் நின்றது. தண்ணீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதுதான் அந்த வெள்ளைக்குப் பொருள். தரம்பார்க்க எதுவும் மிஞ்சவில்லை.

காற்றில் வாழும் நமக்கு மீனின் நெருக்கடி எளிதில் விளங்காது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில், காற்றோடு எவ்வளவு கலந்தாலும் தானாகக் கரைந்து நிற்பது சுமார் 7.5 மில்லிகிராம் மட்டுமே. தண்ணீர் சூடேற ஏற அதுவும் குறையும். கெண்டை வகைகளுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நல்லது, 3க்குக் கீழே போனால் தீனி எடுக்காமல் தவிக்கும், 1க்குக் கீழே சில மணி நேரம் நீடித்தால் சாகும். அழுகும் பொருள் ஒவ்வொன்றும் இந்தச் சிறிய இருப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தால், அதை நுண்ணுயிர்கள் முழுதாகச் சிதைக்க ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட ஆக்சிஜன் தேவைப்படும். அது 140 கன மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் முழுவதற்கும் சமம். நான் வாரந்தோறும் டிராக்டர் கணக்கில் கொட்டச் சொன்ன எருவை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

அந்த வாரம் முழுவதும் காலை ஐந்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அளந்தேன். மழை விட்டு வெயில் திரும்பிய நான்காம் நாளில் பிற்பகல் அளவு லிட்டருக்கு 13 மில்லிகிராம், அடுத்த விடியலில் 1.1. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து தண்ணீர் கொள்ளும் அளவுக்கு மேலேயே ஆக்சிஜனைத் தள்ளுகிறது. இரவில் அதே பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து அதைக் குடித்துத் தீர்க்கின்றன. தண்ணீர் எவ்வளவு பச்சையாக இருக்கிறதோ அவ்வளவு பெரியது இந்த ஏற்ற இறக்கம். இரண்டு நாள் மூட்டத்தில் பகல் வரவு குறைந்தது, இரவுச் செலவு குறையவில்லை. மூன்றாம் நாள் குளிர்ந்த மழைநீர் மேலிருந்து அடிக்கு இறங்கியும் காற்று கலக்கியும் அடிச்சேற்றின் அழுகலை மேலே கொண்டுவந்தன. மிச்சமிருந்த இருப்பு சில மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது.

இதற்கிடையே எங்கள் புகாரின் பேரில் ஓர் அலுவலகத்திலிருந்து வந்து மாதிரி எடுத்துச் சென்றார்கள். முடிவு ஐந்து வாரம் கழித்து வந்தது. கரைந்த ஆக்சிஜன் திருப்திகரம் என்று இருந்தது. மாதிரி எடுத்த நேரம் காலை பதினொன்றரை. அந்த எண்ணில் தவறில்லை, அந்த நேரத்தில்தான் தவறு. நோயாளிக்குக் காய்ச்சல் இல்லாத வேளையில் மட்டும் வெப்பமானி வைப்பதைப் போன்றது அது. உங்கள் குளத்தை யார் பரிசோதித்தாலும், விடிவதற்கு முன்பு எடுத்த மாதிரி ஒன்றாவது இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள்.

இன்னொரு தவறையும் சொல்லியாக வேண்டும். மீன் செத்தால் சுண்ணாம்பு போட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். சாவு நடந்த மூன்றாம் நாள் நண்பகலில் பத்து மூட்டை நீற்றுச் சுண்ணாம்பைத் தூவினோம். பாசி மிகுந்த தண்ணீரில் பிற்பகலில் காரத்தன்மை தானாகவே ஏறியிருக்கும். செத்த மீன்களும் எருவும் அழுகியதால் அம்மோனியாவும் சேர்ந்திருந்தது. 30 பாகை வெப்பத்தில், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணான பி.எச். 7ஆக இருந்தால் அந்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது, பி.எச். 9ஆக ஏறினால் நூற்றுக்கு 45 பங்கு நச்சாகிவிடும். சுண்ணாம்பு அந்த ஏற்றத்தை இன்னும் தூக்கியிருக்க வேண்டும். மறுநாள், முதல் சாவில் தப்பிய சிறிய மீன்கள் பட்டப்பகலில் செத்து மிதந்தன. சுண்ணாம்பு நல்ல மருந்துதான், ஆனால் பி.எச். அளக்காமல் அதைத் தொடக்கூடாது. அளக்க ஆகும் செலவு ஒரு மூட்டைச் சுண்ணாம்பின் விலையைவிடக் குறைவு.

மீன் சாவு ஒரு நாளில் நடந்தது. கண்மாய் நோயுற்றது அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே. இதை நான் பின்னால்தான் உணர்ந்தேன். கார்த்திகையில் தெளிந்த நீரில், நீருக்கடியில் வளரும் செடியான வேலம்பாசி தழைத்திருந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் பச்சையேறியதும் வெளிச்சம் அடிக்கு இறங்காமல் வேலம்பாசி அழுகிப்போனது. வேலம்பாசி போனதும் அதை மேயும் பெரிய நத்தைகள் குறைந்தன. நத்தை குறைந்ததும், ஒவ்வோர் ஆண்டும் நாற்பது ஐம்பதாக வந்து கரையோரம் ஓடுகளைக் குவித்துவிட்டுப் போகும் நத்தைக்குத்தி நாரைகள் அந்தப் பங்குனியில் வரவே இல்லை. சேற்றில் புதைந்து, தண்ணீரை உறிஞ்சி வடிகட்டி வாழும் மட்டிகள் வாய் திறந்து செத்துக் கிடந்ததை மாடு மேய்ப்பவர்கள் தை மாதமே பார்த்திருக்கிறார்கள். யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

அந்த வைகாசியில் என் மாணவர்களோடு கைவலையால் அடிச்சேற்றை அள்ளி வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்தோம். கிடைத்தவை எல்லாம் ஒரே வகை: நூல் போல நெளியும் சிவப்புப் புழுக்கள். அவை சிவப்பாக இருப்பதற்குக் காரணம் நம் ரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஹீமோகுளோபின். மிகக் குறைந்த ஆக்சிஜனையும் பற்றிக்கொள்ள அது உதவுகிறது. அவை இருப்பது தவறல்ல, அவை மட்டுமே இருப்பதுதான் கெட்ட அறிகுறி. பக்கத்து ஊரில் எரு போடாத ஊருணியில் அதே வலையை இட்டபோது தும்பிக் குடம்பிகள் (நீரில் வாழும் இளம்பருவம்), நீர்த்தேள், சிறு நத்தைகள், மட்டிக் குஞ்சுகள் என்று தட்டில் பத்துப் பன்னிரண்டு வகை நடமாடின. ஊசித்தட்டானின் குடம்பி ஒன்றை ஒரு மாணவி உருப்பெருக்கியில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் வால் நுனியில் மூன்று மெல்லிய இலைகள் போன்ற செவுள்கள் இருக்கும். அவற்றின் நரம்புகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் அந்த மெல்லிய இலைகளை வைத்துக்கொண்டு அது எப்படிப் பிழைக்கும் என்று அவள் கேட்டாள். அதன் பிறகு மாதம் ஒருமுறை தட்டில் எத்தனை வகை என்று எண்ணுவதை வழக்கமாக்கினோம். கருவி இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

குத்தகையை விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். மீதமிருந்த காலத்துக்குக் குறைந்த மீனோடு நடத்துவது என்று முடிவு செய்தோம். கோழி எருவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் முழுதாக நிறுத்தினோம். பாஸ்பரஸின் வேலை என்ன என்பதை 1973இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஷிண்ட்லர் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஓர் ஏரியைத் திரைச்சீலையால் இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். இரண்டு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள், அந்தப் பாதி மட்டும் பச்சையாக மாறியது. எங்கள் கண்மாய்க்குப் பாஸ்பரஸ் எரு வழியாக மட்டுமல்லாமல், சலவைத்தூள் வழியாகவும், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இரவில் கழிவுநீரைத் திறந்துவிட்டுச் செல்லும் ஒரு லாரி வழியாகவும் வந்துகொண்டிருந்தது. லாரியை நிறுத்துவதற்கு ஊராட்சித் தீர்மானமும், ஆறு மாதக் காவலும், வண்டிப்பாதையில் ஒரு கம்பிக்கதவும் தேவைப்பட்டன. இவ்வளவிலும் மிகக் கடினமானது அதுதான்.

வரத்துக்கால் வந்து சேரும் வாயில், பொதுப்பணி அதிகாரிகளின் அனுமதியோடு ஒரு வண்டல் குழி வெட்டி, அதைச் சுற்றிச் சம்பையும் கோரையையும் வளரவிட்டோம். முதல் மழையில் அடித்துவரும் குப்பையும் சேறும் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆனியில் அந்த வண்டலை உழவர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். கரையோரம் ஆகாயத்தாமரை ஒரு செடி தென்பட்டாலும் அன்றே பிடுங்கி மேட்டில் காயப்போடுகிறோம். நூறு செடி வரட்டும் என்று காத்திருந்தால் அது கண்மாயை மூடிவிடும். குஞ்சுகளின் எண்ணிக்கையை 30,000த்திலிருந்து 12,000ஆகக் குறைத்தோம். ஆப்பிரிக்கக் கெளுத்தி சீக்கிரம் பெருக்கும் என்று கொண்டுவந்து தந்தவரைத் திருப்பி அனுப்பினோம். அதை வளர்க்க நாட்டில் தடை இருக்கிறது, கண்ணில் பட்ட நாட்டுமீனையெல்லாம் அது தின்று தீர்த்துவிடும்.

தண்ணீரின் தெளிவை அளக்க, உணவுத்தட்டு அளவுள்ள ஒரு தகட்டில் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசி, அடையாளமிட்ட கயிற்றில் கட்டி இறக்குகிறோம். 1865இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் மத்தியதரைக் கடலில் பயன்படுத்திய எளிய முறையின் வழிவந்தது இது. தகடு கண்ணுக்கு மறையும் ஆழம் 30 முதல் 40 சென்டிமீட்டர் வரை இருந்தால் மீனுக்குத் தீனியும் உண்டு, ஆபத்தும் குறைவு. 20க்குக் கீழே போனால் தீனி, எரு இரண்டையும் அன்றே நிறுத்திவிட வேண்டும். சாவு நடந்த வாரத்தில் எங்கள் தகடு 11 சென்டிமீட்டரில் மறைந்தது. காற்று ஒதுக்கிய ஓரத்தில் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல ஏடு படிந்தால் அது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. அதில் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். குடிநீரில் அந்த நஞ்சு லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த ஓரத்தில் ஆடு மாடுகளைத் தண்ணீர் காட்ட விடக்கூடாது.

விடியலில் மீன் வாய் பிளப்பதைக் கண்டால் செய்ய வேண்டியது ஒன்றே: டீசல் இன்ஜினைப் போட்டு, கண்மாய்த் தண்ணீரையே எடுத்து உயரமாகச் சிதறடித்து மறுபடி கண்மாயிலேயே விழவிட வேண்டும். 20 ஏக்கர் முழுவதையும் அது காப்பாற்றாது. ஆனால் நீர் விழும் இடத்தைச் சுற்றி மீன்கள் வந்து கூடி, வெயில் ஏறும் வரை உயிர் பிடித்து நிற்கும். சென்ற ஆண்டு ஒரு விடியலில் இதைச் செய்து ஏறத்தாழ எல்லா மீன்களையும் காப்பாற்றினோம்.

இரண்டாம் ஆண்டு மார்கழியில் விரால்களின் உடலில் சிவந்த புண்கள் தோன்றின. 1988 முதல் இந்தியாவில் இருக்கும் பூஞ்சை போன்ற ஓர் உயிரியால் வரும் புண்நோய் அது. மழைக்குப் பின்னான குளிரில்தான் தலைதூக்கும். மீன்வளத் துறை அலுவலர் ஒருவரின் ஆலோசனைப்படி, இம்முறை பி.எச். அளந்து, காலை வேளையில், பிரித்துப் பிரித்துச் சுண்ணாம்பு இட்டோம். மாசியில் புண்கள் ஆறிய விரால்கள் வலையில் வந்தன.

இப்போது தகடு 33 சென்டிமீட்டரில் மறைகிறது. தட்டில் ஒன்பது வகை உயிர்கள் வருகின்றன. வேலம்பாசி மேற்குக் கரையோரம் திரும்பியிருக்கிறது, இந்த மாசியில் பதினேழு நத்தைக்குத்தி நாரைகளை எண்ணினேன். மட்டிகள் இன்னும் திரும்பவில்லை. அவற்றின் இளம்பருவம் மீனின் செவுளில் ஒட்டிச் சில காலம் வாழ்ந்துதான் சேற்றில் இறங்கும் என்பதால், ஊருணியிலிருந்து நாட்டுக்கெண்டைகளோடு சேர்த்து மட்டிகளையும் கொண்டுவந்து விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். மீன்பிடித் திருவிழாவில் நடுப்பள்ளத்தை மட்டும் கலக்காமல் விட்டுவிட ஊர்க்கூட்டம் ஒப்புக்கொண்டதால், அயிரையும் குறவையும் அங்கே தங்கிக் கோடையைத் தாண்டுகின்றன.

விடியற்காலை அளவீட்டை இப்போது நீர்பாய்ச்சி அய்யாவின் பேத்தி, பதினோராம் வகுப்பு மாணவி, புதனும் சனியும் என் மேற்பார்வையில் கையுறை அணிந்து செய்கிறாள். சென்ற சனிக்கிழமை 3.4 என்று வந்தது. அன்றே தீனியை நிறுத்திவிட்டோம்; அறுவடையைச் சித்திரையிலிருந்து பங்குனிக்கு முன்தள்ளி, அதுவரை இரவு இரண்டு மணிக்கு இன்ஜினைப் போட ஆள் வைத்திருக்கிறோம்.